சிங்க்குக்கு அடியில் கழிவு அரைக்கும் இயந்திரம்: நான் யோசித்து முடித்த கதை

அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. காலையில் எழுந்தால் கை மடங்கவே அரை மணி நேரம் ஆகும். அந்தக் கையோடு, ஈரம் சொட்டுகிற குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர், பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டு நின்றதை ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் மறந்து வைத்த பை அது. சிங்க்குக்கு அடியில் கழிவு அரைக்கும் இயந்திரத்தை மாட்டிவிட்டால் இந்தப் பையே வேண்டாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அக்கா வீட்டில் ஆறு வருடமாக அது ஓடுகிறது. போன் செய்தேன். "யோசிக்கவே வேண்டாம், வாங்கு. பாத்திரம் கழுவும்போதே வேலை முடிஞ்சிடும்" என்றாள். நானும் பார்த்திருக்கிறேன். குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, மிச்சத்தை உள்ளே தள்ளினால் அரை நிமிடத்தில் சிங்க் காலி. அவள் வீட்டுக் குப்பைக் கூடையில் வாடை என்பதே கிடையாது. அதனால் வாங்கலாமா என்ற கேள்வி அப்போது எனக்கு இல்லை. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதல் வாரம் மாடல்களைப் பார்ப்பதிலேயே போனது. உள்ளே மிக்ஸியில் இருப்பதுபோல் கத்தி சுற்றும் என்று நினைத்திருந்தேன். கத்தியே இல்லை. அடியில் ஒரு தட்டு சுழல்கிறது. அதன் மேல் அசையக்கூடிய இரண்டு சிறிய உலோகத் துண்டுகள் இருக்கின்றன. சுழற்சி வேகத்தில் கழிவு ஓரத்துக்கு வீசப்பட்டு, சுற்றிலும் இருக்கும் பல் வைத்த வளையத்தில் மோதித் தேய்ந்து துகளாகிறது. அந்தத் துகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. வெட்டுவதைவிடத் துருவுவதற்குத்தான் இது நெருக்கம். இந்த ஒரு விஷயம் புரிந்ததும் மற்றதெல்லாம் தானாகவே புரிந்தது. உடையக்கூடியது உடையும், மென்மையானது கரையும். நார் மட்டும் உடையாமல் வளைந்து கொடுத்துச் சுற்றிக்கொள்ளும்.

மோட்டார் மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறனில் தொடங்கி ஒரு குதிரைத்திறன் வரை கிடைக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டார் வைத்தவை கனமானவை, நிதானமாகச் சுற்றுபவை. நிரந்தரக் காந்தம் வைத்தவை எடை குறைவு, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மேல் போகும், போட்டவுடன் முழு வேகம் எடுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு, மூடி போட்டால் மட்டும் ஓடுகிற வகைதான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான் பார்த்தவற்றில் அந்த மூடியை அழுத்தித் திருக வேண்டியிருந்தது. அம்மாவின் விரல்களுக்கு அது ஆகாது. திறந்த வகையையே வாங்கி, சிங்க் ஓரத்தில் காற்றழுத்தப் பொத்தான் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். பொத்தானிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்றழுத்தம் மட்டும் கீழே போகும், ஈரக்கை மின்சாரத்தின் பக்கமே போகாது. யாருக்காக இந்த இயந்திரத்தை வாங்கினாலும் இந்தப் பொத்தானைச் சேர்த்து வாங்குங்கள்.

இந்தத் தேடலில்தான் இதன் வரலாறும் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதை உருவாக்கியிருக்கிறார். 1935இல் காப்புரிமை, 1938இல் சொந்த நிறுவனம். அங்கே இவ்வளவு பரவிய பொருளை நியூயார்க் நகரம் மட்டும் பழைய சாக்கடைகள் தாங்காது என்று பயந்து பல பகுதிகளில் தடை செய்து வைத்திருந்தது. அந்தத் தடை 1997இல்தான் நீங்கியது. அதைப் படித்தபோதுதான் முதல் தயக்கம் வந்தது. ஒரு நகரமே தன் குழாய்களைப் பற்றி அவ்வளவு காலம் யோசித்திருக்கிறது. என் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்றுகூட நான் யோசித்ததில்லை.

சரி, முதலில் நாங்கள் என்ன கொட்டுகிறோம் என்று பார்ப்போம் என்று பத்து நாள் எடை போட்டேன். மூன்று பாத்திரங்கள் வைத்தேன். ஒன்றில் தோல், தண்டு, சருகு. இரண்டாவதில் சமைத்த மிச்சமும் அழுகிய பழமும். மூன்றாவதில் எலும்பு, கொட்டை, எண்ணெய் கலந்தது. அம்மாவும் ஆர்வமாகச் சேர்ந்துகொண்டார். எதை எதில் போடுவது என்பதில் என்னைவிட அவர்தான் கறார்.

பத்து நாளில் மொத்தம் ஒன்பது கிலோ. அதில் ஐந்து கிலோவுக்கு மேல் முதல் பாத்திரம்தான். வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, சோளக் கதிரின் மட்டை. அதாவது, இயந்திரம் வேண்டாம் என்று சொல்லும் அத்தனையும். இரண்டாவது பாத்திரம் இரண்டரைக் கிலோ இருந்தது. அதிலும் சோறு, நூடுல்ஸ் மாதிரி மாவுப்பொருளை ஒரேயடியாகத் தள்ளக் கூடாது. தண்ணீரில் ஊதிப் பசையாகிக் குழாய் வளைவில் ஒட்டிக்கொள்ளும். காபித் தூள், தேயிலைச் சக்கை எல்லாம் ஏற்கெனவே தூள்தான், அரைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே வளைவில் வண்டலாகத் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் போகவே கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நாங்கள் கொட்டும் ஒன்பது கிலோவில் நிம்மதியாக அரைக்கக்கூடியது இரண்டு கிலோகூட இல்லை. மிச்சத்துக்கு அந்தப் பை இருக்கத்தான் போகிறது, அம்மா அதைத் தூக்கத்தான் போகிறார்.

அப்போதே விட்டிருக்கலாம். மனசு விடவில்லை. தோலை நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் போகாதா என்று நினைத்து, பல வருடமாக எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

அவர் டார்ச்சோடு சிங்க்குக்கு அடியில் படுத்தார். சிங்க்கின் ஓட்டை மூன்றரை அங்குலம், பெரும்பாலான இயந்திரங்களுக்குச் சரியான அளவு. பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளலாம், எர்த் இருக்கிறது. அதுவரை நல்ல செய்தி. அப்புறம் டேப்பை எடுத்தார். எங்களுடையது ஆழமான சிங்க். அதற்குக் கீழே இயந்திரம் தொங்கினால் அதன் கழிவுநீர் வாய் இன்னும் கீழே இறங்கும். சுவருக்குள் போகும் குழாயோ அதைவிட நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. "தண்ணி மேல ஏறாதும்மா. அரைச்சதெல்லாம் மெஷினுக்குள்ளயே நிக்கும், நாத்தம் வரும். சுவரை உடைச்சுக் குழாயை இறக்கணும்" என்றார். இந்த அளவைப் பற்றி நான் பார்த்த எந்த மாடலின் விளக்கத்திலும் முன்பக்கத்தில் ஒரு வரி இல்லை. வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் அளக்க வேண்டும். சிங்க்கின் அடியிலிருந்து சுவர்க் குழாயின் நடு வரைக்கும் எவ்வளவு இறக்கம் இருக்கிறது, நீங்கள் பார்க்கும் மாடலின் வாய் எவ்வளவு கீழே வருகிறது என்று இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததுதான் வந்தோம் என்று வளைவுக் குழாயையும் கழற்றினார். உள்சுவர் முழுக்க மெழுகு மாதிரி எண்ணெய்ப் படலம். அதை விரலால் வழித்துக் காட்டிவிட்டு, "தொட்டி எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு இல்லை, செப்டிக் டேங்க்தான். அதில் சேர்ந்த சகதியை எடுத்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்றேன். "எடுக்க வேண்டிய நேரம்தான். இதை மாட்டினா இன்னும் சீக்கிரம் சீக்கிரமா எடுக்கணும்" என்றார். வீடுகளின் தொட்டியைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்கிறார்கள்.

அன்றிரவு தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். உள்ளே மூன்று அடுக்கு. கனமானது அடியில் சகதியாகத் தங்கும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறி மண்ணுக்குள் இறங்கும். அடியில் தங்குவதைப் பாக்டீரியாக்கள் மெதுவாகச் சிதைக்கும். நம் உடலில் ஒரு முறை செரித்து வந்த கழிவைவிட, செரிக்காத உணவுத் துகளைச் சிதைக்க அதிக நேரம் பிடிக்கும். அதனால் சகதி சீக்கிரம் உயரும். உயர்ந்தால் நடு அடுக்குக்கு இடம் குறையும், துகள் படிய அவகாசம் இருக்காது, அது அப்படியே நீரோடு வெளியேறி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். தொட்டி நிறைந்தால் எடுத்துவிடலாம். நீரை உறிஞ்சும் மண் அடைத்துக்கொண்டால் தோட்டத்தையே தோண்ட வேண்டியதுதான். சில இடங்களில் இந்த இயந்திரம் வைக்கும் வீடுகளுக்குத் தொட்டியே பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். செப்டிக் டேங்க்குக்கு என்றே விற்கும் மாடல்களும் உண்டு. அரைத்த கழிவோடு நுண்ணுயிர்க் கரைசலையும் சேர்த்து அனுப்புவார்கள். ஆனால் தொட்டிக்குப் போய்ச் சேரும் திடக்கழிவு அதே அளவுதானே. எனக்கு அது சமாதானமாக இல்லை.

அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு வருத்தம். "அப்ப நான் பண்றது தப்பா?" என்றாள். தப்பு இல்லை, உண்மையாகவே இல்லை. அவள் வீடு நகரச் சாக்கடையோடு இணைந்தது. அவள் அரைத்து அனுப்புவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சில நிலையங்களில் கசடைக் காற்றில்லாமல் நொதிக்க வைத்து எரிவாயுகூட எடுக்கிறார்கள். குப்பைமேட்டில் புதைந்து மீத்தேனாக வெளியேறுவதற்கு அது தேவலை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் எல்லா நிலையமும் அப்படி இல்லை. உணவுக் கழிவை என்ன செய்வது மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் வெளியிட்ட வரிசையில், அதைச் சாக்கடையில் விடுவதைக் குப்பைமேட்டுக்கும் எரிப்பதற்கும் பக்கத்தில், கடைசிப் படியில்தான் வைத்திருக்கிறது. மக்க வைப்பது அதற்கு மேலே. அக்காவுக்குத் தோட்டம் கிடையாது, நாலாவது மாடி. அவளுக்கு அது சரியான பொருள். அவள் பயன்படுத்தும் முறையும் நல்ல முறை. கொழுப்பு இளகிப் போய் வேறெங்கோ உறையாமல் இருக்க எப்போதும் பச்சைத் தண்ணீர்தான் விடுவாள். அரைக்கும் சத்தம் நின்ற பிறகும் அரை நிமிடம் குழாயைத் திறந்தே வைத்திருப்பாள். சிக்கிக்கொண்டால் உள்ளே கையை விடாமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடியில் இருக்கும் அறுகோண ஓட்டையில் ஆலன் கீ விட்டு இரண்டு பக்கமும் அசைப்பாள், பிறகு மறுபடி ஓட வைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள்.

இயந்திரத்தை மாட்டவில்லை. ஆனால் அம்மாவின் கை அப்படியேதான் இருந்தது. எடை போட்ட பத்து நாளில் கிடைத்த ஒரு உபயோகம், கனத்துக்குக் காரணம் எது என்று தெரிந்தது. மூன்று நாள் சேர்ந்த ஈரமும் தோலும்தான் பையைக் கனக்க வைத்தன. தினமும் எடுத்தால் ஒரு கிலோகூட இல்லை.

சமையலறைப் பின்வாசலுக்கு வெளியே, கழிவை மக்க வைக்க, பக்கவாட்டில் துளை போட்ட, மூடி உள்ள தொட்டிகள் இரண்டை வைத்தேன். மேடையில் மூன்று லிட்டர் டப்பா ஒன்று, கைப்பிடி தடிமனானது, மூடி தட்டினாலே திறப்பது. சிங்க்கில் சிறுகண் வடிகட்டி. எண்ணெய்ப் பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். எலும்பு மட்டும் உறைபெட்டியில் ஒரு டப்பாவில் இருந்து, குப்பை எடுக்கும் நாளில் வெளியே போகிறது. அந்தப் பையை நான்தான் தூக்குகிறேன்.

மூன்றாவது வாரம் சிறு ஈக்கள் மொய்த்தன, புளித்த வாடையும் வந்தது. கவலையாகத்தான் இருந்தது. ஈரம் அதிகம், காய்ந்தது குறைவு என்பதுதான் காரணம். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்குக்கு மேல் காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் போட்டு, குச்சியால் கிளறிவிட்ட பிறகு ஒரு வாரத்தில் சரியானது.

இப்போது முதல் தொட்டி நிரம்பி மக்கிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது பாதி. செப்டிக் டேங்க்கை எடுத்தாயிற்று. காலையில் விரல்கள் இளகியதும் அம்மாவே அந்தச் சிறு டப்பாவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். மேலே இரண்டு கை சருகு போடாமல் உள்ளே வருவதில்லை. நான் கொட்டிவிட்டு வந்தால், சருகு போட்டாயா என்று கேட்டுவிட்டு, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வருகிறார்.