இடுப்பு மூட்டுக் குருத்தெலும்பு: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

இடுப்பு வலி என்று போனால் முதலில் முதுகைத்தான் படமெடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான். முதுகெலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலியோ தொடை இடுக்கில். பைக்கில் இருந்து இறங்கும்போதும் சம்மணம் போட்டு எழும்போதும் சுருக்கென்று குத்தும்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடுவார்கள். நானும் பள்ளி, கல்லூரி என்று குனிந்தே ஓடியவன்தான்.

மதுரையில் பார்த்த எலும்பு மருத்துவர், "வலி எங்க இருக்குன்னு காட்டுங்க தம்பி" என்றார். கட்டைவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டினேன். "இப்படிக் காட்டினா பெரும்பாலும் மூட்டுக்குள்ளதான் கோளாறு" என்றவர், என்னைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் தூக்கி, மறு காலை நோக்கிச் சாய்த்து, பாதத்தை வெளியே திருப்பினார். உயிர் போய்விட்டது.

எக்ஸ்ரேயில் விஷயம் தெரிந்தது. தொடை எலும்பின் பந்து, கழுத்தோடு சேரும் இடத்தில் ஒடுங்கி இருக்க வேண்டும். எனக்கு அங்கே ஒரு மேடு. எலும்பு வளரும் வயதில் கடுமையாக விளையாடியவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம் என்றார். காலை மடக்கும்போதெல்லாம் அந்த மேடு, பந்து பொருந்தி நிற்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் நுழைந்து, அங்கே வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் குருத்தெலும்பை உரசித் தள்ளும். ஹிப் இம்பிஞ்ச்மென்ட் என்பது இதுதான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் 2003இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், மூட்டுத் தேய்மானத்துக்கு இது ஒரு காரணம் என்பது மருத்துவ உலகில் பரவலாகப் பேசப்பட்டதாம்.

அடுத்து, மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. கிண்ணத்தின் விளிம்பு வளையமான லேப்ரம் கிழிந்திருந்தது. அதை ஒட்டிய குருத்தெலும்பு, ஈரம் ஏறிய சுவரில் பூச்சு பிடிப்பு விட்டு நிற்பதுபோல அடி எலும்பிலிருந்து பிரிந்திருந்தது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அதனால் அது பிரியத் தொடங்கும்போது வலிக்காது. ரத்தக் குழாயும் கிடையாது. மூட்டுத் திரவத்தில் இருந்துதான் அதற்குச் சத்து. "திரும்ப வளருமா சார்?" என்றேன். "வளராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றார். வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்ன அந்தப் பதிலுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

உடனே கத்தி வைக்கவில்லை. சில மாதம் பிசியோதெரபி செய்தேன். பிரிட்டனில் இதே கோளாறு உள்ள 348 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், பிசியோவிலும் ஆபரேஷனிலும் குணம் தெரிந்தது. ஓராண்டு முடிவில் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். எனக்கு வலி பாதிதான் குறைந்தது. "பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே உள்ள மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் இந்த ஆபரேஷனால் பெரிய பலன் இருக்காது. உங்களுக்கு இடைவெளி நன்றாக இருக்கிறது" என்றார் மருத்துவர். சம்மதித்தேன்.

எனக்குச் செய்தது ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமராவை விட்டுச் செய்யும் ஆபரேஷன். இதில் காலை இழுத்துக் கட்டி, பந்தையும் கிண்ணத்தையும் சற்று விலக்குகிறார்கள். அந்த இழுவையால் கவட்டைப் பகுதி கொஞ்ச காலம் மரத்துக் கிடந்தது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மேட்டைச் சீவினார்கள், லேப்ரத்தைத் தைத்தார்கள். பிரிந்த குருத்தெலும்பில் ஒரு சிறு பகுதி தேறவில்லை. அதை நீக்கிவிட்டு, அடி எலும்பில் நுண்ணிய துளைகள் போட்டார்கள். மைக்ரோஃபிராக்சர் என்கிறார்கள். துளை வழியே மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து, அந்த இடத்தில் நார்க் குருத்தெலும்பு உருவாகும். அசல் அளவுக்கு வழுவழுப்போ உறுதியோ அதற்கு இருக்காது.

அந்தத் துளைகளால்தான் ஓய்வுக் காலம் நீண்டது. லேப்ரம் மட்டும் தைத்துக்கொண்ட பக்கத்துக் கட்டில்காரர் சீக்கிரமே ஊன்றுகோலை விட்டுவிட்டார். எனக்கு 6 முதல் 8 வாரம் பாதம் தரையில் பட மட்டுமே அனுமதி. உறைந்த ரத்தம் திசுவாக மாறும்வரை பாரம் ஏறக் கூடாது. ஆனால் மூட்டு அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால் சீட்டை உயர்த்திவைத்து நகராமல் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளை இறுக்கமே வைக்காமல் மிதித்தேன். தசைக்குள் எலும்பு வளராமல் இருக்கச் சில வாரம் மாத்திரை.

வீட்டில்தான் பெரும்பாடு. குந்தவே கூடாது என்றார்கள், எங்கள் வீட்டிலோ இந்தியன் டாய்லெட். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றை அப்பா வாங்கி வந்து, அது வழுக்காமல் இருக்க நான்கு காலுக்கும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பவர்கள் முதலில் இந்த ஏற்பாட்டை முடித்துவிடுங்கள். மருத்துவரிடம், "உள்ளே பார்த்தபிறகு குருத்தெலும்பு தேறவில்லை என்றால் என்ன செய்வீர்கள், அதன் பிறகு எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது?" என்பதையும் கேட்டுவிடுங்கள். லீவு போடுவதும் வீட்டில் ஆள் வைப்பதும் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

இப்போது வலியில்லாமல் நடக்கிறேன், படி ஏறுகிறேன். சம்மணமும் ஓட்டமும் இல்லை. எடையைக் கூடவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எவனாவது தொடை இடுக்கு வலி என்று வந்து இடுப்பைக் கவ்விக் காட்டினால், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டு, எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.