மூளையோட வெயின்ஸ் எனக்கு ஒரு வழியா புரிஞ்ச விதம்

மெடிக்கல் ஃபர்ஸ்ட் இயர்ல ஆர்ட்டரி (ரத்தம் கொண்டுவர்ற தமனி) எனக்கு கஷ்டமாவே தெரியல, மூளைக்கு அடியில தமனிகள் வளையமா சேர்ற சர்க்கிள் ஆஃப் வில்லிஸை நாலு தடவை வரைஞ்சா மனசுல நின்னுடும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போற வெயின்ஸ் (சிரைகள்) தான் படாத பாடு படுத்துச்சு. ட்ரோலார்ட், லபே, ரோசந்தால், கேலன்னு வரிசையா ஆள் பேரா வரும், எது எங்க போய் சேருதுன்னு மட்டும் பிடிபடாது. ரெண்டு இன்டர்னல் டெஸ்ட்ல மார்க் போச்சு.

டிசெக்‌ஷன் ஹால்ல தான் மாறுச்சு. மண்டை ஓட்டோட மேல்மூடியை எடுத்ததும் மூளையைச் சுத்தியிருக்கிற கெட்டியான உறை, ட்யூரா, தெரியும், அதுல நடுக்கோட்டை நீளவாக்குல கீறித் திறந்தோம், உள்ள முக்கோண வடிவத்துல ஒரு கால்வாய், குறுக்க மெல்லிசா நார் நாரா ஓடுது, அங்கங்க உறைஞ்ச கருப்பு ரத்தம், பக்கத்துல குட்டி குட்டி மொட்டு மாதிரி அரக்னாய்ட் கிரானுலேஷன்ஸ் (மூளையைச் சுத்தியிருக்கிற திரவம் ரத்தத்துல சேர்ற இடம்). புக்ல நீலக் கோடா மட்டுமே பாத்திருந்த சுப்பீரியர் சஜிட்டல் சைனஸ் இதுதான்னு அப்ப தான் உறைச்சுச்சு. சைனஸ்னா இங்க மூக்கு சைனஸ் இல்ல, மூளை வெயின்ஸோட ரத்தம் வந்து சேர்ற கால்வாய். இதுக்கு தசைச்சுவரும் கிடையாது, வால்வும் கிடையாது, ட்யூராவோட ரெண்டு அடுக்குக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, அவ்ளோதான்.

அடுத்து ட்யூராவை ஓரமா தூக்கணும். நான் கொஞ்சம் வேகமா தூக்கிட்டேன், மூளை மேல இருந்து சைனஸுக்குப் போற ரெண்டு மெல்லிய வெயின் பட்டுனு அறுந்துடுச்சு, கையில லேசா விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு உணர்வு. மேடம் திட்டல, "இதுதான்மா பிரிட்ஜிங் வெயின், வயசானவங்களுக்கு மூளை சுருங்குறப்ப இது இழுபட்டு நிக்கும், தலையில லேசா அடிபட்டாலே அறுந்து ட்யூராவுக்கு அடியில ரத்தம் கட்டி சப்ட்யூரல் ஆயிடலாம்"னாங்க. அந்த உணர்வு இன்னும் என் விரல்ல இருக்கு.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் திருப்பிப் போட்டுப் படிச்சேன், அதாவது வெயின்ல ஆரம்பிக்காம கடைசியா ரத்தம் வெளிய போற கழுத்து ஜுகுலர்ல ஆரம்பிச்சு பின்னாடியே போனேன். ஜுகுலருக்கு முன்னாடி சிக்மாய்ட் சைனஸ், அதுக்கு முன்னாடி டிரான்ஸ்வெர்ஸ் சைனஸ், அப்புறம் பின்மண்டையில எல்லாம் கூடுற கான்ஃப்ளூயன்ஸ். அங்க வர்றது முக்கியமா ரெண்டு, மேல இருந்து சுப்பீரியர் சஜிட்டல், ஆழத்துல இருந்து ஸ்ட்ரெயிட் சைனஸ். ஸ்ட்ரெயிட்டுக்குள்ள வர்றது இன்ஃபீரியர் சஜிட்டலும் கேலன் வெயினும். கேலனுக்குள்ள ரெண்டு இன்டர்னல் செரிப்ரல், ரெண்டு பேசல் வெயின், அந்த பேசல் வெயின் தான் ரோசந்தால். ட்ரோலார்ட் மேல சுப்பீரியர் சஜிட்டலுக்குப் போகும், லபே கீழ டிரான்ஸ்வெர்ஸுக்குப் போகும், ரெண்டையும் பக்கவாட்டுல இருக்கிற சில்வியன் வெயினோட சேத்துப் பாத்தா போதும். கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற கேவர்னஸ் சைனஸை மட்டும் தனியா ஒரு நாள் வச்சுப் படிங்க, மூளைக்குப் போற கரோட்டிட் ஆர்ட்டரியும் கண்ணை அசைக்கிற ஆறாவது நரம்பும் அதுக்குள்ளயே போகுது, அவசரத்துல ஏறாது.

இன்னொன்னு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. நிறைய பேருக்கு ரைட் டிரான்ஸ்வெர்ஸ் தான் பெருசு. லெஃப்ட் பிறவியிலேயே ஒல்லியா இருக்கிறதை எம்ஆர் வெனோகிராம்ல (வெயின்ஸைக் காட்டுற எம்ஆர்ஐ ஸ்கேன்) பாத்து ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்குன்னு தப்பா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, இதை எங்களுக்கு ஸ்கேன் படத்தை வச்சே காட்டுனாங்க.

வைவால (வாய்மொழித் தேர்வு) மூளையே தரல, வெறும் மண்டை ஓட்டைக் கையில குடுத்து வெயின் ரத்தம் போற வழியைக் காட்டுன்னாங்க. ஜுகுலர் ஓட்டையில விரலை வச்சு சிக்மாய்ட் பள்ளம் வழியா பின்னாடி இழுத்துட்டே போனேன். ரைட் பக்கப் பள்ளம் நல்லா அகலம், லெஃப்ட் குறுகல். ஏன்னு கேட்டாங்க, சொன்னேன்.