உள்ளங்கால்

மார்ச் 4
ஓடும் ரயிலில் தியானத்துக்கு மூச்சை எண்ணுவது எடுபடவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் எண்ணிக்கை அறுந்துபோகிறது. ஏழைத் தாண்டுவதே பெரும்பாடு. வண்டிக்கு உள்ளங்கால்தான் நல்ல பிடி. செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் தரையில் படிய வைக்க வேண்டும். முதலில் குதிகால், பிறகு விரல்களின் அடிப்பகுதி. அதிர்வு எங்கே கூடுகிறது, எங்கே அடங்குகிறது? அதை மட்டும் ஐந்து நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் கண் சொக்கிவிடும்.

மார்ச் 5
தூக்கம் வரவில்லை. புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி முழுதாக உறங்காமல் காவல் இருப்பதை 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தக் காவலோடு மல்லுக்கட்டுவது வீண். அதற்கு வேலை கொடுப்பதே மேல். படுக்குமுன் அறையை ஒரு சுற்று நடந்து கதவு, சன்னல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். விளக்கை அணைத்தபின் கேட்கும் சத்தத்துக்கெல்லாம் ஒரு பெயர்: விசிறி, குழாய், மாடிப்படி. பெயர் கிடைத்த சத்தம் மறுமுறை அவ்வளவாகத் திடுக்கிட வைப்பதில்லை.

மார்ச் 6
இன்னும் இரண்டு சத்தத்துக்குப் பெயர் இல்லை.

மார்ச் 8
படம், படம், படம். பார்க்குமுன்பே கை கைபேசிக்குப் போய்விடுகிறது. பயணத்தில் கவனம் கசிகிற பெரிய ஓட்டை இதுதான் என்று உறுதியாகத் தோன்றுகிறது. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் அருங்காட்சியகத்தில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிட எடுத்தவை குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆகவே வரிசை இப்படி: இரண்டு நிமிடம் கை சும்மா இருக்க வேண்டும். கண் தானாகத் திரும்பத் திரும்பப் போகிற ஒரு சின்ன இடத்தைப் பிடிக்க வேண்டும், உடைந்த விளிம்போ, ஒரு கீலோ. அதை மட்டும் நெருக்கி ஒரே ஒரு படம். பிறகு கைபேசி பைக்குள், அடியில். சட்டைப்பையில் வைத்தால் அரை நிமிடத்தில் கை தேடிப் போய்விடும்.

மார்ச் 9
மூன்று மணி நேரத் தாமதம். தாடை இறுகிக்கிடக்கிறது, காத்திருப்பு முதலில் அங்கேதான் தெரிகிறது. பற்களை விலக்கி, நாக்கைத் தளர்த்த வேண்டும். அறிவிப்புப் பலகையைக் கால் மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இடையில் காது: ஆகத் தொலைவான சத்தம், ஆக அருகான சத்தம், மாறிமாறி. எரிச்சல் வந்தால் “எரிச்சல்” என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மறுபடி உள்ளங்காலுக்கு.

மார்ச் 11
தூக்கு, நகர்த்து, வை என்று நடைத் தியானம் செய்யக் கூட்டத்தில் வழியில்லை, பின்னால் வருபவர் மோதுவார். வழக்கமான வேகத்திலேயே “இடது, வலது”, இருபது அடி. பை ஒரே தோளில் தொங்கினால் கவனம் முழுக்க அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மாற்றிப் போடவும்.

மார்ச் 12
படமே எடுக்கவில்லை. ஒரு கீல், அதன் இடது ஓரத் துரு, இன்னும் கண்ணில்.

மார்ச் 13
சன்னலோரம். அருகே ஓடும் கம்பங்களைப் பார்த்தால் விழி ஓயாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது, பத்து நிமிடத்தில் அசந்துவிடும். தொலைவில் மெதுவாக நகர்கிற ஒன்றில் பார்வையை வைத்து, அது மறையும்வரை தொடர வேண்டும்.