எங்கள் மலையடிவார ரோட்டை அகலப்படுத்தும் முன்

கிருஷ்ணகிரி டவுனைத் தாண்டி எங்கள் பகுதிக்கு ஏறும் மலையடிவார ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். சர்வே ஆட்கள் வந்து காம்பவுண்டுச் சுவர்களிலும் புளியமரங்களிலும் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ரோடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. மாந்தோப்பும் சில ஓட்டு வீடுகளும் மட்டும் இருந்த சரிவு இது. இப்போது தோப்புகள் மனைகளாகிவிட்டன. விடிகாலையில் ஓசூர் கம்பெனி பஸ், அப்புறம் பள்ளி வேன், சீசனில் மாங்காய் லோடு என எல்லாம் இந்த ஒற்றை ரோட்டில்தான் ஏறி இறங்குகின்றன. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். பள்ளப் பக்கம் ஒதுங்கும் பைக் ஓட்டிகளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் சிவில் டிப்ளமோ படித்து, ரோடு கான்ட்ராக்டர்களிடம் சைட்டில் வேலை பார்த்தவள். அதனால் தெருவில் யாரைப் பார்த்தாலும் "அக்கா, எத்தனை அடி எடுப்பாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, சுவர் போகப் போகிறதே. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மலை ரோட்டில் அகலத்தை முடிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது தண்ணீர், ஏற்றம், வளைவு.

தண்ணீரைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. செப்டம்பர், அக்டோபரில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயந்திரம் இடியோடு கொட்டித் தீர்ப்பது நம் ஊர் வழக்கம். மேலே இருப்பதோ மொட்டைப் பாறை. விழுகிற தண்ணீர் அப்படியே சரிந்து ரோட்டுக்கு வந்துவிடும். அகலத்துக்காக மேட்டுப் பக்கம் வெட்டினால், வெட்டிய இடத்துக்கு மேலேயே தண்ணீரைத் தடுத்துத் திருப்ப ஒரு வாய்க்கால் வேண்டும். ரோட்டோரம் இன்னொரு வாய்க்கால், இரண்டையும் ஓடையில் சேர்க்கக் கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடந்து போகும் சிறு பாலம். அந்தக் கல்வெர்ட், ஆள் உள்ளே புகுந்து மண்ணை வாரும் அளவுக்காவது இருக்க வேண்டும். சிறு குழாயைப் பதித்தால் முதல் பெருமழையிலேயே சருகும் சரளையும் அடைத்துக்கொள்ளும்; தண்ணீர் ரோட்டின் மேல் ஏறிப் பள்ளப் பக்கத்து ஓரத்தை அரித்துவிடும். அந்தப் பக்கம் கட்டும் தாங்கு சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட வேண்டும். துளை இல்லாத சுவரைப் பின்னால் தேங்கும் தண்ணீரே தள்ளிச் சாய்த்துவிடும். வெட்டிய மண்ணையும் கல்லையும் பள்ளத்தில் தள்ளவே கூடாது. அந்த ஓடைதான் கீழே ஏரிக்குப் போகிறது. எங்கே கொட்டப் போகிறார்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

அடுத்து ஏற்றம். ரோடு போடுவதற்கான விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின்படி மலைச் சாலைக்கு வழக்கமான ஏற்றம் 5, 6 சதவீதம், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 5, 6 மீட்டர் உயரம்; வேறு வழியே இல்லாத சிறு தூரத்துக்குத்தான் 7, 8. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் எங்கள் ஏற்றம் அதைவிடச் செங்குத்து என்பது லோடு வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். அதைக் குறைக்காமல் தாரை மட்டும் அகலமாகப் போட்டால் இறங்குகிற வண்டிக்கு வேகம்தான் கூடும். தொப்பூர் கணவாயை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அங்கே நான்கு வழி இருக்கிறது, அகலத்துக்குக் குறைவில்லை. இருந்தும் நீண்ட இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் நியூட்ரலில் உருண்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகின்றன. 2020 டிசம்பரில் அப்படி வந்த ஒரு சிமென்ட் லாரி, முன்னால் நின்றிருந்த வண்டிகள் மேல் வரிசையாக மோதி 4 பேர் இறந்தார்கள்.

கொண்டை ஊசி வளைவுக்கு உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர், வளைவுக்குள் ஏற்றம் 40 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பஸ் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப அது வேண்டும். எங்கள் பிள்ளையார் கோயில் வளைவில் இரண்டுமே இல்லை. இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அந்த ஓர் இடத்தில் செலவழித்தாலும் தகும் என்பேன்.

சரி, அகலம். ஒற்றை வழி 3.75 மீட்டர், நடுத்தரம் 5.5, இருவழி 7 மீட்டர். இங்கே 5.5 போதும், வளைவுகளில் மட்டும் கூடுதலாக விடலாம். 7 மீட்டருக்குப் போனால் மேட்டில் பாறைக்கு வெடி வைக்க வேண்டிவரும், பள்ளத்தில் வீடுகள் போகும். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, மனை விலை ஏறும் என்கிறார்கள். வெடி அதிர்ச்சியில் சுவர் விரிசல் விட்ட வீடுகளை நான் சைட்டில் பார்த்திருக்கிறேன். அந்த விலை எனக்கு வேண்டாம்.

புளியமரங்களில் வளைவை மறைக்கிற மரங்களை எடுக்கத்தான் வேண்டும். பள்ள ஓரத்து மரங்களை விட்டுவிடச் சொல்வோம். சரிவு மண்ணை அவற்றின் வேர்தான் பிடித்திருக்கிறது.

இந்த ரோடு பற்றிய கூட்டத்துக்கு வரும்போது பட்டாவோடு உங்கள் சர்வே எண்ணின் புல வரைபட நகலையும் எடுத்து வாருங்கள். எத்தனை அடி என்று கேட்ட கையோடு, ரோட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நீளவாக்கு வரைபடத்தையும் கல்வெர்ட் இடங்களையும் காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தைப் படித்துச் சொல்ல நான் முன்வரிசையில் இருப்பேன்.