நல்ல நேரத்தில் எழுதி வைப்பது

2025 ஜூன் 9, திங்கள்

காலையில் தம்பி சட்னியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பத்து மணிக்கு நண்பன் போனை எடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று அழுகை. மாலையில் மறுபடி சிரிப்பு. "பாரு, சரியாயிட்டான்" என்கிறாள் அம்மா. "வயசுக் கோளாறு" என்கிறார் பெரியப்பா. எனக்கோ அவன் இப்படிச் சட்டென்று மாறுவதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

திருச்சியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். சோகம் எவ்வளவு ஆழம் என்று மட்டும் பார்த்தால் போதாது, மனநிலை எவ்வளவு சீக்கிரம் புரளுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்றார். அது சரிதான். நாளெல்லாம் சோர்ந்து கிடப்பவன் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்போம். மதியம் சிரித்தவனை மாலையில் தனியே விட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவோம். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது நாளை என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியாதாம். அதோடு அவசரபுத்தியும் சேர்ந்தால் ஆபத்து. ஆனால் அந்த உச்சம் நீடிக்காது, இறங்கிவிடும். அதுவரை ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

அவனிடம் நேராகவே கேட்டார்: "செத்துப்போகணும்னு தோணுதா?" அம்மா பதறி என் கையைப் பிடித்தாள். சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே "ஆமா சார்" என்றான். அப்புறம் நிறுத்தாமல் பேசினான். இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. கேட்காமல் இருப்பதுதான் அவர்களைத் தனியாக்குகிறது.

பெரியப்பாவின் கவலை போலீஸ் கேஸ். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைக் காட்டினேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி தெளிவாக இருந்தான். மருத்துவர் சொன்னபடி, அந்த உச்சம் வந்தால் என்னென்ன செய்வது என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம், அவன் கையெழுத்திலேயே. முதலில் அறிகுறிகள்: "கழுத்து சூடாகும். எல்லாரும் என்னை வெறுக்கிறாங்கன்னு தோணும்." அடுத்து, முகத்தில் ஐஸ் தண்ணீர் அடித்துக்கொள்வது. அப்புறம் அக்காவை எழுப்புவது, சித்திக்குப் போன் செய்வது, 14416. கடைசியாக இருப்பது டெலி-மானஸ், அரசின் மனநல உதவித் தொலைபேசி எண். 2022-இல் தொடங்கியது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வீட்டு மாத்திரைகள் எல்லாம் பீரோவில், சாவி என்னிடம். பூட்டினால் என்ன மாறும் என்று அம்மா கேட்டாள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பின் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

மார்ஷா லினஹனைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். இப்படித் தத்தளிப்பவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர். தானும் இளவயதில் இதே வேதனையோடு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். "இப்ப எப்படி இருக்காங்க?" என்றான். எண்பது தாண்டிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 28, சனி

நேற்று நள்ளிரவில் கதவைத் தட்டினான், கையில் அந்தத் தாள். முகமெல்லாம் ஈரம். நான் புத்தி எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். 14416-இல் ஒரு பெண் பொறுமையாகப் பேசினார். ஒரு மணி வாக்கில் பசிக்கிறது என்றான். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் போக வேண்டும். இந்த முறை பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.