ஒரு சோறு, ஒரு மீன்

போன வாரம் வகுப்பில் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், ஒரே ஒரு அளவுதான் கையில இருக்குன்னா?” கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கணக்கில் அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதனால் வகுக்க வேண்டும். ஒன்றில் ஒன்றைக் கழித்தால் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. எரர் என்று வந்தது. “ஒன்று போதாதும்மா” என்றேன். “எங்கம்மா ஒரு சோத்தை எடுத்துத்தானே சார் பதம் பாக்கறாங்க?”

மணி அடித்துவிட்டது. ஆனால் அவள் கேட்டதுதான் சரி.

ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே கொதி. சோற்றுக்குச் சோறு பெரிய வேறுபாடு இராது என்பது அந்த அம்மாவுக்கு முன்பே தெரியும். அந்த ஒரு சோறு அதைச் சொல்லவில்லை. பழைய அரிசியில் புது அரிசி கலந்துவிட்டால் என் அம்மாவும் நாலைந்தை நசுக்கித்தான் பார்ப்பார்.

இரண்டாம் உலகப் போரில், கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் வரிசை எண்களை வைத்தே நேச நாடுகள் உற்பத்தியைக் கணக்கிட்டன. 1942 ஆகஸ்டுக்கு உளவுத் தகவல் சொன்னது 1,550. எண்களின் கணக்கு சொன்னது 327. பின்னர் கிடைத்த ஜெர்மன் ஆவணங்களில் 342!

அவர்களிடம் பல எண்கள் இருந்தன. ஒன்றே ஒன்று, 60 என்று மட்டும் கிடைத்திருந்தால்? 1 முதல் வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள், எதுவும் சம வாய்ப்போடு சிக்கும் என்று தெரிந்தால் போதும். மொத்தம் 60க்குக் குறையாது. சராசரியாக நடு எண்தான் சிக்கும் என்பதால், இரண்டு மடங்கில் ஒன்று குறைத்து 119 எனலாம். 1,200 டாங்கிகள் இருந்தால், 60 வரையிலான எண் சிக்க 5 சதவீத வாய்ப்புதான். அதனால் 60க்கும் 1,200க்கும் இடையில் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். அகலமான வரம்பு. ஆனாலும் வரம்பு.

எனக்கு மிகவும் பிடித்தது சீலகாந்த் மீன். டைனோசர் காலத்தோடு, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று நம்பியிருந்தார்கள். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்த மீன்பிடிக் கப்பலில், அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் ஒன்றைப் பார்த்தார். ‘அழிந்துவிட்டது’ என்ற கூற்றை வீழ்த்த அந்த ஒரு மீன் போதும். சராசரியும் வேண்டாம், விலக்கமும் வேண்டாம். அப்புறம் கடலில் எத்தனை இருக்கின்றன, எங்கே வாழ்கின்றன என்ற கேள்விகள் வந்தன. அவற்றுக்கு அந்த மீனால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மீன் கொமோரோ தீவுகளில் கிடைக்க 1952 வரை காத்திருந்தார்கள்.