அட்டை போன இதழ்களும் ஒரு தகரப் பெட்டியும்

சிற்றிதழ்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறேன் என்று கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூரில் சொன்னபோது, தொகுப்பு நூல்களை வைத்தே எழுதிவிடலாம் என்றார்கள். முதல் ஆண்டு முழுக்க நானும் அதை நம்பினேன்.

சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தது. அதில் வெளிவந்த கவிதைகளிலிருந்து 63 கவிதைகளைத் தேர்ந்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். கவிதை வேண்டுமென்றால் அது போதும். என் கேள்வி வேறு. கேரளத்திலிருந்து எழுதியவர்களைத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த நகுலன் எழுதினார். எங்கள் பக்கத்தில் அதை வாங்கிப் படித்தவர்கள் யார்? தொகுப்பில் அதற்குப் பதில் இல்லை. வாசகர் கடிதம், சந்தா அறிவிப்பு, விளம்பரம் எல்லாம் இதழில்தான் இருக்கும்.

ஒரு நூலகத்தில் பைண்டு செய்த தொகுதிகளைக் கேட்டு வாங்கினேன். பைண்டு செய்தவர் அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் எடுத்துவிட்டிருந்தார். ஓரத்தை வெட்டியதில் பக்க எண்களும் பாதி போயிருந்தன. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுதுவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதழ்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாஷ் (ஆசிரியரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்) கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். மேலே வேப்பிலைச் சருகு. அதற்கடியில் எழுத்து, தீபம், கணையாழி எல்லாம் கலந்து கிடந்தன. சிலவற்றை அஞ்சலில் வந்த சுற்றுத்தாளோடே வைத்திருந்தார். தாளில் அவர் பெயர், ஊர், மேலே மங்கிய தபால் முத்திரை. எத்தனையோ நாள் தேடிய வாசகர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, புத்தகத்தைத் தருகிறேன். அந்தத் தாளை எதற்குத் தடவிக்கொண்டிருக்கிறாய்?" என்றார்.

அட்டையில்லாத இதழ்களுக்குக் காலம் கணிக்கவும் அங்கேதான் கற்றேன். புத்தக விளம்பரத்தில் விலை 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால், புதிய நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க முடியாது. 1964 ஜூனில் 'நயா' என்ற சொல்லை அரசு விலக்கிக்கொண்டது. ஆனால் பழைய வழக்கில் பிறகும் சிலர் அச்சிட்டிருக்கலாம் என்பதால், 1964ஐ உறுதியான மேல் எல்லையாகக் கொள்ளவில்லை. தபால் முத்திரை இருந்த இடத்தில் அதையே நம்பினேன்.

மீதி இதழ்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒருவர் தனியாளாகச் சேர்த்த சேகரிப்பு, 1994இல் நூலகமானது. அங்கே உட்கார்ந்தபோது மாஷின் பெட்டிதான் நினைவில் இருந்தது. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு குறிப்பட்டை எழுதினேன்: பக்க எண்ணிக்கை, விலை, அச்சகம், கடிதம் எழுதியவர் ஊர். கட்டுரைகளைப் பிறகுதான் படித்தேன். இந்த வரிசையை மாற்றியிருந்தால், சுவையான கட்டுரையில் மூழ்கி ஊர்ப் பெயர்களை விட்டிருப்பேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை. 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இதழிலிருந்து எடுத்த மேற்கோள்களில் சிலவற்றுக்கு மேற்கோள்குறி விட்டுப்போயிருந்ததால் அவையும் கணக்கில் சேர்ந்துவிட்டன. இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்தேன். வாய்மொழித் தேர்வு ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

மாஷிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இதழ்களை எண்ணி வாங்கிக்கொண்டார். சுற்றுத்தாள்களை மட்டும் தனியே எடுத்து, மடிப்புக் கலையாமல் என் பைக்குள் வைத்தார்.